பரிசில் வாழ்க்கை: புறநானூற்றுப் புலவர்தம் ஐயமும் துணிவும்

புறநானூற்றில் 47ஆம் பாட்டும் 206ஆம் பாட்டும் இருவேறு புலவர் பாடியவை. முன்னதைப் பாடியவர் கோவூர்கிழார்; பின்னதைப் பாடியவர் ஔவையார். பாடப்பட்டோரும் வேறு, பாடிய சூழலும் வேறு. ஆயினும் 'பரிசில் வாழ்க்கை' என்னும் தொடர் இரண்டிலும் வருகின்றது. அதற்கு முன் நிற்கும் அடையும் இரண்டிலும் ஒன்றாகவே உளது. வரிசைக்காக வருந்துவது இவ்வாழ்க்கை என்பது அவ்வடையின் பொருள். புலவர் தம் நிலையைத் தொழில் என்றோ பிழைப்பு என்றோ கூறாது வாழ்க்கை என்று கூறினர். கூறுங்கால் அதனொடு வருத்தத்தையும் சேர்த்தே கூறினர். இன்பம் தருவது என்றோ புகழ் பயப்பது என்றோ அடை கொடுத்திலர். நம் ஆராய்ச்சிக்கு இதுவே தோற்றுவாய்.

கலையைத் தன் வாழ்க்கை நெறியாகக் கொண்ட ஒருவன் நெஞ்சில் ஐயம் எழுதல் இயல்பு. 'இந்நெறி என்னை எங்குக் கொண்டு செலுத்தும்? என்னை நம்பியிருப்போர் நிலை என்னாம்? என் பாட்டின் தகுதியை அறிவார் உளரோ?' என அவன் தன்னைத் தானே வினவிக்கொள்வான். இவ்வினாக்கள் சங்கப் புலவர்க்கும் எழுந்தனவா என்பது பெரிதும் ஆராயப்படவில்லை. நம்மிடையே இரு கொள்கைகள் வழங்குகின்றன. சங்கச் சான்றோர் எவர்க்கும் தலைவணங்காத பெருமிதத்தர் என்பது ஒன்று. மேடைகளில் மிகுதியும் கேட்கப்படுவது இது. அவர் அரசர் வாயில்தோறும் நின்று இரந்துண்டவர் என்பது மற்றொன்று. முன்னதைக் கொள்வார்க்குப் புலவர் நெஞ்சில் ஐயமே எழவில்லை. பின்னதைக் கொள்வார்க்கு வயிற்றுப்பசியன்றி வேறு ஐயம் எழ இடமில்லை. பாட்டுகளை நேரே பயில்வார்க்கு இரண்டும் போதா எனத் தோன்றும்.

முதற்கண் கோவூர்கிழார் பாட்டைக் காண்போம். சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை, ஒற்றன் எனக் கருதிக் கொல்லப் புகுந்தான் காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி. அப்பொழுது கோவூர்கிழார் பாடி அவனை உய்யக்கொண்டார் என்பது கொளு தரும் செய்தி. இருவேந்தர் பகைத்து நிற்கும் நாட்டில் இருவர் அவைக்கும் செல்லும் உரிமை புலவனுக்கு இருந்தது. அவ்வுரிமையே அவனுக்குக் கூற்றாகவும் அமைந்தது. ஈண்டு எழும் ஐயம் புலவனுடையது அன்று; அரசனுடையது. எல்லை கடந்து வருவோன் பாட்டுக்காகவே வருகின்றான் என்பதை அரசன் நம்பவில்லை. ஆகவே ஓர் உயிரைக் காத்தற்பொருட்டு, புலவன் வாழ்க்கை எத்தகையது என்பதைக் கோவூர்கிழார் சில அடிகளில் வரையறுத்துக் காட்ட வேண்டியவரானார்.

அவ்வரையறை நுணுகி நோக்கத்தக்கது. புலவர் பறவை போலப் பல சுரங்களைக் கடந்து வள்ளல்களை நாடிச் செல்வர். தம் திருந்தாத நாவால் இயன்றவாறு பாடுவர். பெற்றது கொண்டு மகிழ்ந்து சுற்றத்தை உண்பிப்பர். தாமும் பொருளைப் பேணி வையாது உண்பர். உள்ளம் சுருங்காது பிறர்க்கும் வழங்குவர். இவ்வாழ்க்கை பிறர்க்குத் தீங்கு நினைந்ததுண்டோ என வினவுகின்றார். உயிர்ப்பிச்சை வேண்டும் இடத்துத் தம் இனத்தாரின் கலைத்திறத்தைப் பெருக்கிக் கூறாது, திருந்தா நாவினர் என அடக்கிக் கூறியதை மனங்கொள்க. ஆயினும் பாட்டு அவ்வடக்கத்தோடு முடியவில்லை. கல்வியால் மாறுபட்டாரை நாணச்செய்து தலைநிமிர்ந்து செல்லும் தன்மை ஒன்று அவர்க்கு உண்டு. அதனால் மண்ணாளும் செல்வம் எய்திய நும்மை ஒத்த தலைமையும் அவர்க்கு உளது என்று முடிக்கின்றார். தாழ்வும் உயர்வும் ஆகிய இரண்டு அளவுகள் ஒரே பாட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன. இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதுதல் எளிது. நாம் மேற்கூறிய இரு கொள்கையினரும் செய்தது அதுவே.

ஔவையார் பாட்டில் இவ்விரண்டும் உவமைகளாக வடிவெடுக்கின்றன. அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் நீட்டித்தான். ஔவையார் அவனிடம் பேசாது வாயிற்காவலனை விளித்துப் பேசுகின்றார். 'உன் தலைவன் தன்னை அறியானோ, என்னை அறியானோ' என்பது அவர் வினா. அறிவும் புகழும் உடையார் மாய்ந்து உலகம் வறிதாகிவிடவில்லை. யாழ் முதலிய கலங்களைக் காவிக்கொண்டோம், மூட்டையைக் கட்டிவிட்டோம் எனப் புறப்படுகின்றார். இப்பாட்டின் தொடக்கத்தில் ஓர் உவமை. முடிவில் ஓர் உவமை. தொடக்கத்தில், புலவர் வள்ளல்தம் செவியாகிய நிலத்தில் சொல்லாகிய விதையை விதைப்பவர். முடிவில், மரம் வெட்டும் தச்சனுடைய கைவல்ல மக்கள் மழுவோடு காடு புகுந்தால் எப்பக்கமும் அவர்க்கு வாழ்வுண்டு. அதுபோல எமக்கு எத்திசைச் சென்றாலும் அத்திசையிற் சோறு உண்டு என்கின்றார்.

இவ்விரு உவமைகளுக்கும் இடையிலுள்ள தொலைவை உரையாளர் விரித்துரைத்திலர். விதைப்பவன் உழைப்பு அவனுடையது. விளைவு அவனுடையது அன்று. நிலம் பிறனுடைய செவி. மழை பிறனுடைய அருள். விதைத்தபின் காத்திருத்தல் அன்றி அவன் செய்யக்கிடப்பது யாதும் இல்லை. தச்சன் நிலையோ வேறு. மழு அவன் கையில் உளது. திறமும் அவன் கையில் உளது. காட்டுக்கு வாயில் இல்லை, வாயிற்காவலனும் இல்லை. கலையைப் பிறர் செவியில் வைத்து எண்ணினால் ஐயம் பிறக்கின்றது. தன் கையில் வைத்து எண்ணினால் துணிவு பிறக்கின்றது. ஔவையார் பாட்டு விதையில் தொடங்கி மழுவில் முடிவது தற்செயல் அன்று. வாயிலில் நின்றவர் வாயிலை விட்டு நீங்குதற்கு அவ்வுவமை மாற்றமே வழிசெய்கின்றது.

எனினும் ஒன்று கூறவேண்டும். ஔவையாரின் இத்துணிவைச் சங்கப் புலவர் எல்லார்க்கும் பொதுவாக்கிப் பேசுதல் பொருந்தாது. 206ஆம் பாட்டில் மனை இல்லை. பசித்த பிள்ளை இல்லை. வழிநோக்கியிருப்பார் எவரும் இல்லை. கலத்தைக் காவிக்கொண்டு எத்திசையும் செல்ல ஒருப்படுவார்க்கு அஃது எளிது. பின்னால் ஒரு குடிலையும் அதனுள் நால்வரையும் விட்டு வந்தவர்க்கு அத்துணை எளிதன்று.

வரிசை என்னும் சொல்லையும் ஈண்டே தெளிந்துகொள்ளுதல் வேண்டும். அச்சொல் கொடையின் அளவைக் குறிப்பதன்று. தகுதியறிந்து செய்யும் சிறப்பைக் குறிப்பது. கபிலர் மலையமான் திருமுடிக்காரியை நோக்கி, கொடுத்தல் எளிது, வரிசை அறிதலே அரிது, ஆகவே புலவர் எல்லாரையும் பொதுவாக நோக்குதலை ஒழிக என அறிவுறுத்துகின்றார் (புறம் 121). ஔவையாரே நாஞ்சில் வள்ளுவனிடம் கீரைக்கு மேல் தூவச் சிறிது அரிசி வேண்ட, அவன் தன் பெருமையை நோக்கி மலை போன்ற யானையொன்றைத் தந்தான். இத்தகைய தெளிவில்லாத கொடையும் உண்டோ எனச் செல்லமாகக் கடிந்துகொள்கின்றார் (புறம் 140). அது பழிப்பது போலப் புகழ்வது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்நகைச்சுவை எழுவதற்கே, கொடை கேட்டாரது அளவறிந்து அமைதல் வேண்டும் என்னும் கொள்கை அடியில் இருத்தல் வேண்டும்.

இனி, ஒரு தடையை எதிர்கொள்வோம். வறுமை பாடுதல் ஒரு மரபு. பரிசில் கடாநிலை என்பது ஒரு துறை. துறைக்கேற்பப் பாடிய பாட்டிற் புலவர்தம் உள்ளத்தைத் தேடுதல் தகுமோ என்பது அத்தடை. இஃது எளிதிற் புறக்கணிக்கத்தக்கது அன்று. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூலில், சங்கப் பாட்டுகளை வாய்மொழி வீரயுகப் பாட்டுகளோடு ஒப்பிட்டு, திரும்பத் திரும்ப வரும் தொடர்களை வாய்பாடுகள் எனக் கொண்டு ஆராய்ந்தார். ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வெளியிட்ட நூலில், பாணர் முதலியோரது பாட்டு மரபைப் பின்பற்றிப் புலவர் பாடினர் என்றார். அங்ஙனமாயின் புலவர் பாட்டிற் கேட்கும் பசிக்குரல் பாணன் குரலாகவும் இருக்கலாம். நாம் தொடக்கத்திற் காட்டிய தொடர் இரு புலவர் பாட்டில் ஒருங்கே வருவதும் வாய்பாட்டுக் கொள்கைக்கே துணைசெய்யும். மேலும், நல்லூர் நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையில் காட்டும் வறுமையையும் பெருஞ்சித்திரனார் புறம் 159இல் காட்டும் வறுமையையும் அருகருகே வைத்தால், இரண்டிலும் உப்பின்றி வேகவைத்த கீரை இருக்கக் காண்கின்றோம்.

மரபு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மரபு என்று கூறிய அளவில் ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை, அவ்விடத்தில்தான் தொடங்குகின்றது. உப்பில்லாக் கீரை இருவர்க்கும் பொது. அதை உண்பார் நிலை பொதுவன்று. சிறுபாணாற்றுப்படையிற் கிணைமகள் குப்பையிற் கொய்த வேளைக்கீரையை வேகவைத்து, அயலார் காண நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கின்றாள். அவள் உணர்வு நாணம். அது புறத்தாரை நோக்கியது. பெருஞ்சித்திரனார் மனைவியோ அறத்தைப் பழிக்கின்றாள். பல பிள்ளைகள் பிசைந்து உண்ணும் மார்போடு, குப்பையில் முளைத்த கீரையின் இளந்தளிரைக் கொய்து, உப்பும் மோரும் சோறும் இன்றி உண்டு, மாசேறிய குறையாடை உடுத்து, உலகத்து அறக்கடவுளைப் பழித்திருக்கின்றாள் அவள். அதே வீட்டில் முதிய தாய் ஒருத்தி. வாழ்நாள் நீண்டுவிட்டதே, உயிர் போகவில்லையே என நொந்துகொண்டு, கோலே காலாக, முற்றத்தைக் கடக்க மாட்டாது கிடக்கின்றாள்.

அடுத்த பாட்டு இதனினும் ஒருபடி மேற்செல்கின்றது (புறம் 160). புல்லிய குடுமியையுடைய சிறுவன் ஒருவன். பாலில்லா மார்பைச் சுவைத்துப் பயனின்றிக் கூழும் சோறும் தேடிச் சோறில்லாக் கலத்தைத் திறந்து திறந்து பார்த்து அழுகின்றான். தாய் புலி வருகிறது என அச்சுறுத்துகின்றாள், நிலவைக் காட்டுகின்றாள், அழுகை ஓயவில்லை. ஈற்றில், 'உன் தந்தையை நினைத்து நீ எப்படிச் சினந்து முகம் காட்டுவாய், காட்டு' எனப் பிள்ளையைக் கேட்கின்றாள். அழும் பிள்ளையை வேறொன்றில் ஈடுபடுத்தும் தாயரின் வழக்கமான விளையாட்டு இது. ஆனால் விளையாட்டின் பொருள் யாது? தந்தைமேற் சினம். பாட்டைத் தேடிப் போன தந்தை வரவில்லை. வீட்டிற் கலம் ஒழிந்து கிடக்கின்றது. மனைவி தன் சினத்தை வாய்விட்டுக் கூறாது பிள்ளையின் முகத்தில் எழுதிக் காண்கின்றாள்.

இதை அரசன் முன் பாடியவர் அத்தந்தையே என்பதை மறத்தலாகாது. பொருள் பெறவேண்டிப் பாடுவோன் தன் பசியைப் பாடினால் போதும். குழந்தை பசியைப் பாடினால் இன்னும் மிகுதியாக இரக்கம் பிறக்கும். ஆனால் தன்மேல் தன் வீட்டார் கொண்ட சினத்தைப் பாட வேண்டுவதில்லை. வாய்பாட்டில் அதற்கு இடமில்லை. துறைக்கு அது வேண்டுவதும் இல்லை. அவ்வடி அங்கு வந்தது எவ்வாறு எனில், நான் கொண்ட நெறி சரிதானா என்னும் ஐயம் புலவர் நெஞ்சில் இருந்தமையால் வந்தது என்பதே நம் கருத்து. ஐயத்தைத் தம் பெயரால் கூறாது மனைவி வாயிலும் மகன் முகத்திலும் வைத்துக் கூறியது அவர் நுட்பம். 'புலவர் வறுமை' எனத் தலைப்பிட்டு இப்பாட்டுகளை அடுக்கிச் செல்லும் ஆய்வேடுகள் பல. அவற்றில் 159, 160 என எண்கள் மட்டும் நிற்கும்; இச்சினம் நிற்பதில்லை.

இத்துணை வறுமையைக் கூறிய 159ஆம் பாட்டு, கொல்களிறே பெறினும் மனமின்றிக் காலம் தாழ்த்துத் தரும் பரிசிலைக் கொள்ளேன். நீ உவந்து தந்தால் ஒரு குன்றிமணி அளவாயினும் கொள்வேன் என்று முடிவது வியப்பே. பசித்த மகனையும் பழிக்கும் மனைவியையும் வீட்டில் வைத்துக்கொண்டு யானையை மறுப்பேன் என்பது பெருமிதமா, பொறுப்பின்மையா? இவ்வினாவை எழுப்பக் கூச வேண்டுவதில்லை. பெருஞ்சித்திரனார் வாழ்வையே இதற்கு விடை கேட்கலாம்.

அவர் பாட்டுகள் புறநானூற்றில் மூன்றிடத்துச் சிதறிக் கிடக்கின்றன. 158 முதல் 163 வரை ஆறு. 207, 208 இரண்டு. 237, 238 இரண்டு. தொகுத்தோர் திணையும் துறையும் நோக்கி வைத்தனரேயன்றி நிகழ்ச்சி முறை நோக்கி வைத்திலர். கொளுக்கள் தரும் செய்தியைக் கொண்டு கோத்தால் முறை தலைகீழாகின்றது. வெளிமானிடம் சென்றார் புலவர். அவன் இறக்கும் நிலையில் இருந்தான். பரிசில் கொடுக்குமாறு இளவெளிமானை ஏவினான். அவன் சிறிது கொடுத்தான். புலவர் கொள்ளாது நீங்கினார். இது 207, 237 ஆகியவற்றின் சூழல். 238 வெளிமான் துஞ்சியபின் பாடியது. அதன்பின் குமணனை அடைந்து பாடினார். குமணன் தந்த யானையைக் கொணர்ந்து இளவெளிமான் ஊர்க் காவன்மரத்திற் கட்டினார். அது 162. பின்பு தம் மனைவியை நோக்கிப் பாடினார். அது 163. நூலை வரிசையாகப் படிப்பவர் வெற்றியை முதலிற் படித்துவிட்டுத் தோல்வியைப் பின்னர்ப் படிக்கின்றார். யானை கட்டிய செய்தியை அறிந்தவர்க்கு 207ஆம் பாட்டின் துணிவு எளிதாகத் தோன்றும். பாடிய பொழுது புலவர் கையில் யானையும் இல்லை, குமணனும் இல்லை, அச்சிறு பரிசிலும் இல்லை.

அந்நிலையில் வைத்து 237, 238 இரண்டையும் படித்தல் வேண்டும். 237இல் ஔவையார் பயன்படுத்திய அதே விதையுவமை வருகின்றது. வள்ளலின் செவியில் விதைத்த பாட்டு நன்றாக விளைந்தது என விரும்பியிருந்தேன். அவ்விருப்பம் பழுதாகுமாறு கூற்றம் வந்தது. சோறு சமைத்த பானை சோற்றைத் தராது நெருப்பைத் தந்தாற்போல ஆயிற்று என்கின்றார். ஔவையார்க்கு விதையிலிருந்து மழுவுக்குச் செல்லும் வழி இருந்தது. இவர்க்கு விதை நெருப்பாயிற்று. 238இல் மழை பெய்யும் இரவில் மரக்கலம் கவிழக் கடலில் வீழ்ந்த கண்ணில்லாத ஊமையைத் தமக்கு உவமை கூறுகின்றார். கண்ணில்லாமை கரை தெரியாமையைக் காட்டும். ஊமை என்றது ஏன்? பாடுதலே வாழ்வாகக் கொண்டவர் தம்மை ஊமை எனக் கூறுதலினும் பெரிய ஐயம் வேறில்லை. கேட்கும் செவி மறைந்தபின் நாவும் மறைந்தது என்பது அதன் குறிப்பு.

இவ்விருளுக்கு நடுவே 207ஆம் பாட்டின் குரல் எழுகின்றது. அவர் பேசுவது இளவெளிமானோடன்று, தம் நெஞ்சோடு. 'எழு நெஞ்சமே, செல்வோம். அருகிற் கண்டும் அறியாதார் போல முகம் மாறித் தரும் பரிசிலை யார் விரும்புவர்? வரவேற்பாரை வேண்டும் தகுதியுடையார்க்கு உலகம் பெரிது. பேணுவாரும் பலர்' என்பது அதன் கருத்து. தம் நெஞ்சைத் தாமே எழுப்ப வேண்டியிருந்தது என்பதே அந்நெஞ்சு விழுந்து கிடந்தது என்பதற்குச் சான்று. 237ஆம் பாட்டிலும் யானையை வேட்டுத் தவறிய புலி எலியை நோக்காது என்று கூறித் துணிவை முன்னிட்டு எழுமாறு நெஞ்சையே ஏவுகின்றார். துணிவு ஐயம் இல்லாதவனிடம் இருப்பது என்பது பொதுக்கருத்து. இப்பாட்டுகளில் இரண்டும் ஒரே நெஞ்சில், ஒரே நாளில் இருக்கின்றன.

208ஆம் பாட்டு இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. அதியமானிடம் சென்ற இவரைக் காணாமலே, இதைக்கொண்டு செல்க என அவன் பரிசில் அனுப்பினான். இவர் ஏற்கவில்லை. என்னைக் காணாது எவ்வாறு அறிந்தான் எனக் கேட்டு, காணாமல் தந்த பொருளைப் பெற்றுச் செல்ல நான் வாணிகம் செய்யும் பரிசிலன் அல்லேன். தகுதியறிந்து தினையளவு தரினும் இனிது என்கின்றார். இதே அதியமானைத்தான் ஔவையாரும் 206இல் கடிந்தார். அங்கே அவன் காலம் தாழ்த்தினான். இங்கே விரைந்து தந்தான். குற்றங்கள் எதிரெதிரானவை. ஆயினும் இருவர் வினாவும் ஒன்றே: அவன் என்னை அறிவானோ? ஔவையார் தம்மைத் தச்சனோடு ஒப்பிட்டதும் பெருஞ்சித்திரனார் தம்மை வாணிகனின் வேறுபடுத்தியதும் ஒரு கொள்கையின் இருபுறங்கள். தச்சன் செய்த பொருளில் அவன் கை தெரியும். வாணிகன் விற்கும் பொருளில் அவன் தெரிவதில்லை. கொள்வோனும் விற்போனை அறிய வேண்டுவதில்லை. கலையைக் கைத்தொழில் என்று கூறிக்கொள்ள இப்புலவர்க்கு நாணம் இல்லை. விலைப்பொருள் என்று கூறவே உடன்பட்டிலர். இக்காலத்துக் கலைஞர் சிலர் கைத்தொழில் என்னும் பெயரை இழிவாகக் கருதி, விலைப்பொருள் என்னும் நிலையை ஏற்றுக்கொள்வது இதற்கு நேர்மாறு.

ஐயத்தின் எல்லையைக் கண்டவர் பெருங்குன்றூர்கிழார். சேரமான் குடக்கோ இளஞ்சேரல் இரும்பொறையிடம் நெடிது காத்திருந்து அவர் பாடிய 210, 211 ஆகிய இரண்டும் வெறும் வறுமைப் பாட்டுகள் அல்ல. உலகங் காக்கும் நும்போல்வாரே அன்பு மாறி இத்தன்மையர் ஆவரெனின், எம்போல்வார் இவ்வுலகிற் பிறவாதொழிக என்கின்றார். பெருஞ்சித்திரனார் ஐயம் தம் குடும்பத்தளவில் நின்றது. இவர் ஐயம் புலவர் குலம் முழுவதையும் தழுவியது. மனைவி சிறிதேனும் உயிரோடிருந்தால் தம்மை நினையாதிராள் என்றும், கூற்றம் தம்மைக் கொண்டுபோயிற்றோ என அஞ்சி அவளும் உயிர்நீங்க விரும்புவாள் என்றும் கூறுகின்றார். 211இல் முதல்நாள் கையில் உள்ளது போலக் காட்டி மறுநாள் பொய்யாய் நின்ற அரசனது செயலை அவன் நாணுமாறு எடுத்துரைக்கின்றார். தாம் பாடப் பாட அவன் புகழ் கொண்டான் என்பதையும் கூறி, உணவின்றி எலிகளும் மடிந்த பழஞ்சுவருள் பாலின்மையால் மார்பை மறந்த மகனோடு இருக்கும் மனைவியை நினைந்து செல்கின்றேன் என்று விடைகொள்கின்றார். பாடுவதால் ஒருவர் புகழ் வளர்கின்றது. பாடியவர் வீட்டில் எலி சாகின்றது. இக்கணக்கை இவ்வளவு நேராக எழுதிய புலவர் வேறிலர்.

இவ்விடத்தே பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பத்துக் குறுக்கிடுகின்றது. அதைப் பாடியவரும் பெருங்குன்றூர்கிழார். பாடப்பட்டவனும் இதே இரும்பொறை. அதன் பதிகம், அரசன் முப்பத்தீராயிரம் காணம் கொடுத்தான் என்றும், புலவர் அறியாதவாறு ஊரும் மனையும் வளமுறப் படைத்தான் என்றும் கூறுகின்றது. புறப்பாட்டின் கசப்பையும் பதிகத்தின் கொடையையும் இயைத்து, அரசன் புலவரை வேண்டுமென்றே காக்கவைத்துப் பின்னால் மறைவாக மனை கட்டுவித்தான் எனக் கதை கூறும் வழக்கு உண்டு. இனிய கதை; கேட்டார் மகிழ்வர். திறனாய்வுக்கு அது பெருந்தீங்கு செய்கின்றது. பதிகங்கள் பாட்டுகளுக்குப் பிற்பட்டவை. கொடைச்செய்தி உண்மையே எனக் கொள்ளினும், 211ஆம் பாட்டைப் பாடிய நாளிற் புலவர் அதை அறியார். அவர் பாடி நீங்கிய வழியில் அவர்முன் இருந்தது மனை கட்டிய ஊரன்று. மடிந்த எலிகளின் சுவர். கதையை ஏற்றுக்கொண்டால் அவர் துயரம் ஒரு விளையாட்டாகவும், அவர் சினம் அறியாமையாகவும், 'எம்போல்வார் பிறவாதொழிக' என்னும் அச்சொல் அவசரப்பட்டுக் கூறியதாகவும் மாறிவிடும். கலைவாழ்வின் ஐயத்தைப் பின்வந்த பரிசிலைக் கொண்டு அளத்தல் கூடாது. 32,000 காணம் வராதிருப்பினும் அப்பாட்டு அதே பாட்டு. வராமற்போன புலவர்தம் பாட்டுகளும் இத்தொகையில் உள்ளன. அவற்றுக்கு ஆறுதல் கூறப் பதிகம் இல்லை.

இறுதியாக 163ஆம் பாட்டு. குமணன் தந்த வளத்தோடு வீடு வந்த பெருஞ்சித்திரனார் மனைவியிடம் பேசுகின்றார். உன்னை விரும்பி இருப்பார்க்கும் நீ விரும்புவார்க்கும் சுற்றத்தார்க்கும் கொடு. இன்னார்க்கு என எண்ணாது கொடு. என்னையும் கேட்க வேண்டா. வைத்துக்கொண்டு நன்றாக வாழ்வோம் எனவும் கருத வேண்டா என்கின்றார். புலவரின் வள்ளன்மைக்குச் சான்றாக இதைக் காட்டுவது வழக்கம். 159, 160 ஆகியவற்றை அடுத்து வைத்துப் படித்தால் வேறொன்று புலனாகும். அறத்தைப் பழித்தவளும், பிள்ளையின் முகத்தில் தந்தைமேற் சினத்தைக் காண முயன்றவளும் இவளே. இதுவரை கொடுப்பவன் கணவனுக்குப் பரிசில் தரும் அரசனாக இருந்தான். இப்போது கொடுக்கும் உரிமை முழுவதும் அவள் கைக்கு மாறுகின்றது. தம்மைக் கேளாமலே கொடு எனக் கூறுவதில் ஒரு கணக்குத் தீர்க்கப்படுகின்றது. புலவர் தாம் மறுத்த யானைகளுக்கு விலை கொடுத்தவள் யார் என்பதை அறிந்தே இருந்தார்.

அவள் கொடுக்கவேண்டியவர் பட்டியலில் இன்னும் ஒருவகையினர் உளர். இல்லாத காலத்துக் குறியெதிர்ப்பை தந்தவர். அளவு குறித்து வாங்கி அதே அளவிற் திருப்பித்தரும் கைம்மாற்று அது. நாழி அரிசி, உழக்கு உப்பு என அடுத்த வீட்டு மகளிர் அளந்து தந்தது. புலவர் சுரம் கடந்து முதிரமலைக்குச் சென்று திரும்பும் வரை அவ்வீட்டின் அடுப்பு என்றேனும் எரிந்ததுண்டெனின் அவர்களால் எரிந்தது. குமணனுக்கு முன்னரே பெருஞ்சித்திரனார் பாட்டைப் புரந்தவர் அவர். பாட்டை ஒருநாளும் கேட்டிருக்கமாட்டார். அவர்க்கு இப்பொழுது அளந்த அளவன்றி அளவிறந்து தருக என்பது புலவர் ஆணை.